கிணற்று நீரெல்லாம் நிலத்தடி நீரா? குடிநீர் மூலங்களை வகைப்படுத்தும் முறை



"குடிநீர் மூலங்களை வகைப்படுத்துக" என்று கேள்வி வந்தால் நம் மாணவர்கள் யோசிக்காமலே எழுதிவிடுவார்கள். ஆறு, ஏரி, அணை என்றால் மேற்பரப்பு நீர். கிணறு, ஊற்று என்றால் நிலத்தடி நீர். சரிதான். ஆனால் அடுத்த வரியில் "காரணம் கூறுக" என்று கேட்டால்? "கிணற்றிலிருந்து எடுப்பதால் நிலத்தடி நீர்" என்று எழுதினால் அது காரணம் ஆகாது. ஏன் ஆகாது? வாங்க, படிப்படியாகப் பார்ப்போம்.

1. இரண்டு வகைகள்

மேற்பரப்பு நீர்: மழைநீர் தரைமேல் ஓடி ஆறு, ஏரி, நீர்த்தேக்கம் ஆகியவற்றில் சேர்வது. வானத்தைப் பார்த்தபடி திறந்து கிடப்பதால் மண், உரம், கால்நடைக் கழிவு, தொழிற்சாலைக் கழிவு எது வேண்டுமானாலும் அதில் கலக்கலாம். மலாய் மொழிப் பாடநூலில் இதை 'ஆயர் பெர்முக்கான்' என்று படித்திருப்பீர்கள்.

நிலத்தடி நீர்: மண்ணுக்குள் மெதுவாக இறங்கி, மணல், சரளை, பாறை வெடிப்பு ஆகியவற்றின் இடைவெளிகளில் நிரம்பி நிற்பது. இப்படி நீரைத் தாங்கி நிற்கும் அடுக்கை நீர்த்தாங்கி என்கிறோம். மலாயில் இந்த நீர் 'ஆயர் பாவா தானா'. இறங்கி வரும் வழியிலேயே மண் இதை ஓரளவு வடிகட்டிவிடுகிறது. அதனால் கலங்கலும் கிருமிகளும் குறைவு.

ஆக, நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த நீர் நம்மிடம் வந்து சேருமுன் எந்த வழியாக வந்தது? மண் அதை வடிகட்டியதா, இல்லையா?

2. நமக்குத் தெரிந்த இடங்கள்

மலேசியாவில் பொதுக் குடிநீரின் மிகப் பெரும்பகுதி மேற்பரப்பு நீர்தான். கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் சிலாங்கூர் ஆற்றையும் லங்காட் ஆற்றையும் பெரிதும் நம்பியிருக்கிறார்கள். 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் மாசு கலந்தபோது நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது. திறந்த நீர் எவ்வளவு எளிதாகக் கெடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

கிளந்தான் வேறு கதை. மற்ற மாநிலங்களைவிட நிலத்தடி நீரை அதிகம் நம்பியிருப்பது அந்த மாநிலம்தான். கோத்தா பாருவைச் சுற்றியுள்ள ஆற்று வண்டல் நிலத்தின் மணல் அடுக்குகளிலிருந்து குழாய்க் கிணறுகள் வழியாக நீர் எடுக்கிறார்கள். அங்கே பெரிய தொல்லை இரும்பும் மாங்கனீசும். குழாயில் தெளிவாக வரும் நீர் காற்றுப் பட்டதும் பழுப்பேறும். மண் வழியாக வந்ததால் கலங்கல் குறைகிறது, ஆனால் தாதுக்கள் கரைந்து கூடவே வந்துவிடுகின்றன. நிலத்தடி நீர் என்றாலே தூய நீர் என்று எழுதிவிடாதீர்கள்.

சிங்கப்பூரின் நான்கு தேசியக் குழாய்களையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். 17 நீர்த்தேக்கங்களில் சேரும் மழைநீர் மேற்பரப்பு நீர். ஜோகூர் ஆற்றிலிருந்து வரும் இறக்குமதி நீரும் அப்படியே. புதுநீர் என்பது பயன்படுத்திய நீரை மீண்டும் சுத்திகரித்தது. நான்காவது, உப்பு நீக்கிய கடல்நீர். இவ்விரண்டையும் 'நிலத்தடி' என்ற கட்டத்துக்குள் திணிக்கக் கூடாது. தனியாகவே எழுத வேண்டும்.

3. இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை

இங்கேதான் மாணவர்கள் தடுமாறுவார்கள். ஆழமில்லாத கிணறு ஒன்று. மேலே மெல்லிய மண், கீழே வெடிப்புள்ள பாறை. மழை பெய்தால் மேலே கிடக்கும் அழுக்கு நீர் வெடிப்பு வழியாகச் சில மணி நேரத்தில், அல்லது ஓரிரு நாளில் கிணற்றுக்குள் இறங்கிவிடும். பெயருக்குத்தான் கிணறு, வடிகட்டல் நடக்கவே இல்லை. இதை 'மேற்பரப்பு நீரின் நேரடித் தாக்கம் உள்ள நிலத்தடி நீர்' என்கிறார்கள். அமெரிக்காவின் 1989ஆம் ஆண்டு விதிகள் இதை மேற்பரப்பு நீரைப் போலவே சுத்திகரிக்க வேண்டும் என்கின்றன.

எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு அடையாளங்கள் உண்டு.

அ) கிணற்று நீரில் பாசி, பூச்சி, ஜியார்டியா போன்ற பெரிய நுண்ணுயிர்கள் இருப்பது. மண் உண்மையிலேயே வடிகட்டியிருந்தால் இவை உள்ளே வந்திருக்க முடியாது.

ஆ) மழை பெய்ததும் கிணற்று நீரின் கலங்கல், வெப்பநிலை, காரகாடித்தன்மை, மின்கடத்துதிறன் ஆகியவை சட்டென்று மாறுவது. நல்ல நிலத்தடி நீர் இவ்வளவு வேகமாக மாறாது.

ஊற்றுக்கும் இதே பார்வைதான். நீர் வெளிவரும் வாயிலேயே மூடிய தொட்டியில் பிடித்தால் ஒன்று. திறந்த ஓடையாகக் கொஞ்ச தூரம் ஓடவிட்டுப் பிடித்தால், அது மேற்பரப்பு நீர்.

4. வகைப்பாடு தவறினால் என்ன ஆகும்?

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் வாக்கர்ட்டன் என்ற சிற்றூர். 2000 மே மாதம் கனமழை. ஊருக்கு நீர் கொடுத்த கிணறுகளில் 5ஆம் எண் கிணறு ஆழமில்லாதது. மேலே மண் குறைவு, கீழே வெடிப்புப் பாறை. பக்கத்துப் பண்ணையின் மாட்டுச் சாணத்திலிருந்த கிருமிகளை மழைநீர் கிணற்றுக்குள் கொண்டு சேர்த்தது. குளோரின் போதவில்லை. 7 பேர் இறந்தார்கள். 2,300 பேருக்கு மேல் நோயுற்றார்கள்.

நீதிபதி டெனிஸ் ஓ'கானர் தலைமையிலான விசாரணை பல தவறுகளைக் கண்டறிந்தது. கிணற்றைப் பார்த்துக்கொண்டவர்கள் குளோரின் அளவைச் சரியாகச் சோதிக்காமல் பொய்க் கணக்கு எழுதியிருந்தார்கள். ஆனால் நமக்கு முக்கியமானது இன்னொன்று. குளோரினையும் கலங்கலையும் இடைவிடாமல் அளக்கும் கருவிகள் அந்தக் கிணற்றில் இருந்திருந்தால் இந்தத் துயரத்தைத் தடுத்திருக்கலாம் என்றது அறிக்கை. மேற்பரப்பு நீரின் தாக்கம் உள்ள கிணறுகளுக்கு அத்தகைய கண்காணிப்பு வேண்டும் என்ற விதி 1994லேயே வந்துவிட்டது. பழைய கிணறுகளை மறுபடி பரிசோதித்து அந்த வகையில் சேர்க்கத்தான் யாரும் முன்வரவில்லை. சாதாரணக் கிணறு என்று பதிவேட்டில் இருந்தது, அப்படியே விட்டுவிட்டார்கள்.

இப்போ புரிகிறதா, வகைப்பாடு ஏன் வெறும் மனப்பாடம் இல்லை என்று? எந்த வகை என்று முடிவு செய்வதுதான் எந்தச் சுத்திகரிப்பு என்பதையும் முடிவு செய்கிறது. ஆற்று நீருக்குப் படிகாரம் சேர்த்துத் திரளவைத்தல், படியவிடுதல், வடிகட்டல், கிருமிநீக்கம் எல்லாம் வேண்டும். நல்ல ஆழ்கிணற்றுக்கு இரும்பு நீக்கமும் கிருமிநீக்கமும் போதுமானதாக இருக்கலாம். நடு வகைக்குக் குளோரின் மட்டும் போதாது; கிரிப்டோஸ்போரிடியம் போன்ற கிருமிகள் குளோரினுக்கு எளிதில் அசையாது.

5. தேர்வுக்கு ஒரு பயிற்சி

கேள்வி: ஆற்றங்கரையில் 6 மீட்டர் ஆழக் கிணறு. ஆற்றில் வெள்ளம் வந்தால் மறுநாளே கிணற்று நீரும் கலங்குகிறது. இது எவ்வகை? காரணம் கூறுக.

மாதிரி விடை: மேற்பரப்பு நீரின் நேரடித் தாக்கம் உள்ள நிலத்தடி நீர். ஆற்றின் மாற்றத்தோடு சேர்ந்து கிணற்று நீரும் விரைவாகக் கலங்குவதால், இடையிலுள்ள மண் அதைப் போதிய அளவு வடிகட்டவில்லை எனத் தெரிகிறது. எனவே இதனை மேற்பரப்பு நீரைப் போலவே வடிகட்டிக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும்.

வகை, அடையாளம், விளைவு ஆகிய மூன்றும் விடையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

6. ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்பறைச் செயல்

இரண்டு நெகிழிப் புட்டிகளின் அடிப்பகுதியை வெட்டிக் கவிழ்த்து, வாயில் துணி கட்டி, சரளையும் கழுவிய மணலும் நிரப்புங்கள். ஒன்றில் மட்டும், மணலின் மேலிருந்து துணி வரை எட்டும்படி ஓர் உறிஞ்சுகுழலைச் செருகுங்கள். இரண்டிலும் சேற்று நீரை ஊற்றுங்கள். ஒன்றில் நீர் மெதுவாக, தெளிந்து சொட்டும். மற்றதில் குழல் வழியாகக் கலங்கலாகவே இறங்கும். அந்தக் குழல்தான் பாறை வெடிப்பு. "இரண்டுமே மண்ணுக்குக் கீழே இருந்துதானே வந்தது, பிறகு ஏன் இந்த வித்தியாசம்?" என்று கேளுங்கள்; விடையை மாணவர்களே சொல்லிவிடுவார்கள். தெளிந்த நீரையும் யாரும் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெளிவாக இருப்பது வேறு, குடிக்கத் தகுதியாக இருப்பது வேறு. அதையும் அன்றைய பாடத்திலேயே சேர்த்துவிடலாம்.