எந்த வேளாங்கண்ணிக்கு, அம்மா?

பொதுமக்களுக்குப் பணிபுரியும் இடங்களுள், ரயில் நிலையத்தின் பயணச்சீட்டுச் சாளரத்தைப் போன்ற வேடிக்கையான பள்ளிக்கூடம் வேறில்லை எனலாம். சிறு துளைக்கு அப்பால் ஒருவர் அமர்ந்திருக்கிறார். இப்பால் ஊரே நிற்கிறது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டில். இத்தடத்தில் சீட்டு வழங்கி ஓய்வு பெற்ற பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பொழுது போவதே தெரியாது.

பாதி வேடிக்கைக்கு ஊர்ப் பெயர்களே காரணம். வெளியூரிலிருந்து வந்த குடும்பம், குழந்தைகள் மணலில் விளையாட வேண்டுமென்று "பீச்சுக்கு நாலு டிக்கெட்" கேட்கும். சீட்டும் கிடைக்கும், கடைசி நிலையத்தில் இறங்கினால் அலையையும் காணோம், மணலையும் காணோம்! துறைமுகம் எழும்புமுன் கடல் அந்த இடத்துக்கு மிக அருகே இருந்தது. இன்று ராஜாஜி சாலை எனப்படும் வீதிக்கு அந்நாளில் 'ஃபர்ஸ்ட் லைன் பீச்' என்றே பெயர். கடல் விலகிப்போயிற்று, பெயர் மட்டும் தங்கிவிட்டது. மெரினாவுக்குச் செல்வோருக்குப் பறக்கும் ரயில் தடத்திலுள்ள சேப்பாக்கமும் திருவல்லிக்கேணியுமே அண்மையானவை.

நம் திருப்பயணிகளும் இவ்விஷயத்தில் சளைத்தவர்களல்லர். "தோமையார் கோயிலுக்கு ஒன்று" என்பார் ஒருவர். பரங்கிமலையா, சின்னமலையா, சாந்தோமா? மூன்றும் புனித தோமையாரின் பெயரோடு இணைந்த தலங்களே. இன்னும் பெரிய சிக்கல் "வேளாங்கண்ணிக்கு ஒரு டிக்கெட்" என்பது. நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு 2010ஆம் ஆண்டில் ரயில் பாதை திறக்கப்பட்டது. ஆனால் பெசன்ட் நகர் ஆலயத்தையும் சென்னை மக்கள் வேளாங்கண்ணி என்றே அழைக்கின்றனர். இரண்டிலும் விழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை! "எந்த வேளாங்கண்ணிக்கு, அம்மா?" என்று கேட்டால், "மாதா கோயிலுக்குத்தான் தம்பி" என்று பதில் வரும்.

"மகள் வீட்டுக்கு ஒன்று கொடு" என்று கேட்ட மூதாட்டியைப் பற்றியும் சொல்லக் கேட்டதுண்டு. "வீடு எங்கே, பாட்டி?" என்றதற்கு, "ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்தான்" என்றாராம்!

சிரிப்புக்குப் பின்னால் சிந்திக்க வேண்டியதும் உண்டு. சீட்டு கொடுப்பவர் முகம் ஏன் கடுகடுப்பாயிருக்கிறது என்று நாம் முணுமுணுக்கிறோம். அவருடைய நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வேலை தொடங்குமுன் தம் சட்டைப் பையிலுள்ள சொந்தப் பணம் எவ்வளவு என்று அவர் எழுதி வைக்க வேண்டும். முறை முடியும்போது கணக்கில் பணம் குறைந்தால் தம் கையிலிருந்து ஈடு செய்ய வேண்டும். மிகுந்தாலோ அது ரயில்வேக்கே உரியது. ஐந்து ரூபாய்ச் சீட்டுக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி, "சீக்கிரம், வண்டி வந்துவிட்டது" என்று பின்னாலிருந்து பத்துப் பேர் குரல் கொடுக்கையில், ஒரு தாள் தவறிச் சென்றால் அந்த இழப்பு அவர் குடும்பத்தின் இழப்பு. சில்லறை கேட்டு அவர் குரல் உயர்வது ஆணவத்தால் அன்று, அச்சத்தால் என்பது அப்போது விளங்கும்.

இன்று இயந்திரங்களும் சீட்டு தருகின்றன. கைப்பேசியில் தாளில்லாச் சீட்டு எடுக்கும் வசதி 2015ஆம் ஆண்டு ஏப்ரலில் எழும்பூர்–தாம்பரம் தடத்தில் தொடங்கியது. இதனால் வரிசை குறைந்தது உண்மையே. ஆயினும் எழுத்தறியாத பாட்டியும், ஊருக்குப் புதியவரும், தமிழறியாத வடநாட்டுத் தொழிலாளியும் இன்றும் சாளரத்தையே நாடுகின்றனர். "எந்த வேளாங்கண்ணி?" என்று திருப்பிக் கேட்க இயந்திரம் அறியாது. கேட்டதைக் கொடுத்துவிடும், தவறான ஊரில் இறங்கித் தவிப்பவர் பயணியே.

ஆகவே அடுத்த முறை குடும்பத்தோடு வெளியே புறப்படும்போது, இறங்க வேண்டிய நிலையத்தின் பெயரை வீட்டிலேயே கேட்டறிந்துகொள்வோம். சில்லறையை எடுத்து வைத்துக்கொள்வோம். வரிசையில் முன்னால் நிற்கும் முதியவர் தடுமாறினால், பின்னாலிருந்து அவசரப்படுத்தாமல், "எங்கே போகணும், தாத்தா?" என்று நம் பிள்ளைகள் கேட்கட்டும். அவரும் தம் ஊர் போய்ச் சேருவார். சாளரத்துக்கு அப்பால் இருப்பவரும் அன்றைய கணக்கை நிம்மதியாக முடிப்பார்.