பாதுகாப்பின்மை (சொற்பொருள்)

பாதுகாப்பின்மை என்பது தீங்கு நேரக்கூடிய நிலையையும், தீங்கு நேருமோ என்று மனம் அஞ்சும் நிலையையும் குறிக்கும் சொல்லாகும். ஆங்கிலத்தில் 'இன்செக்யூர்' என்னும் ஒரே சொல் கட்டுமானம், வாழ்வாதாரம், மனம், கணினி ஆகிய அனைத்துக்கும் வழங்குகிறது. தமிழில் எல்லா இடங்களிலும் 'பாதுகாப்பற்ற' என்று எழுதுவது பொருள் மயக்கத்தை ஏற்படுத்தக்கூடும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் எடுத்துக்காட்டுகளுடன் இப்பொருள்கள் கீழே தரப்பட்டுள்ளன.

சொற்பிறப்பு

இலத்தீன் மொழியில் 'சே' என்பது 'இல்லாமல்' என்றும், 'கூரா' என்பது 'கவலை' என்றும் பொருள்படும். இவற்றிலிருந்து தோன்றிய 'செக்யூருஸ்' என்பதன் முதற்பொருள் 'கவலையற்ற' என்பதாகும். தமிழில் 'ஏமம்' என்னும் பழஞ்சொல்லும் காவல், இன்பம் ஆகிய இரு பொருள்களையும் தருகிறது.

உறுதியின்மை

ஒரு பொருள் தாங்கவேண்டிய சுமையைத் தாங்க இயலாத நிலை இதுவாகும். 1956 நவம்பர் 23 அன்று அதிகாலை, பெருமழையால் வெள்ளம் பெருகிய மருதையாற்றின் பாலத்தில், அரியலூர் அருகே தூத்துக்குடி விரைவுத் தொடர்வண்டி விபத்துக்குள்ளானது. 140-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவ்விபத்துக்குப் பொறுப்பேற்று அப்போதைய தொடர்வண்டித்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். வண்டியில் பயணிப்பவர் பாலத்தின் நிலையை அறிய இயலாது. எனவே அச்சம் இல்லை என்பதனால் ஆபத்து இல்லை என்று கொள்ள இயலாது.

வாழ்வாதார நிலையின்மை

வருவாய் அல்லது பணி தொடரும் என்ற உறுதி இல்லாத நிலை இதுவாகும். பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் பெரும்பாலும் மானாவாரியாகப் பயிரிடப்படுகின்றன. மழை பொய்த்தால் விளைச்சல் குறையும். விளைச்சல் மிகுந்தால் விலை சரியக்கூடும். இங்கு உழவர் கொள்ளும் அச்சத்திற்குப் புறக்காரணம் உண்டு. இதனை மனக்குறையாகக் கருதுவது தவறாகும். போதிய உணவு தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதி இல்லாமை 'உணவுப் பாதுகாப்பின்மை' எனப்படும். இதனைக் குறைக்க இந்தியாவில் 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

தன்னம்பிக்கைக் குறைவு

உளவியலில் இச்சொல் தன் தகுதியைப் பற்றியோ, பிறர் அன்பைப் பற்றியோ ஒருவர் கொள்ளும் ஐயத்தைக் குறிக்கிறது. தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவரும் தம்மைத் தகுதியற்றவராக எண்ணலாம். இவரைப் 'பாதுகாப்பற்றவர்' என்று மொழிபெயர்த்தால், அவருக்கு வெளியிலிருந்து ஆபத்து உள்ளது என்ற தவறான பொருள் தோன்றும்.

காப்பற்ற இணைப்பு

கணினியியலில், மறையாக்கம் செய்யப்படாத இணைப்பு இவ்வாறு குறிக்கப்படுகிறது. 2018 சூலை முதல் கூகுள் குரோம் உலாவி இத்தகைய தளங்களைப் 'பாதுகாப்பற்றது' என்று காட்டத் தொடங்கியது. அனுப்பும் தகவலை இடையில் பிறர் படிக்கக்கூடும் என்பதே இதன் பொருள். தளத்தை நடத்துபவர் மோசடியாளர் என்பதன்று. அதேபோல், மறையாக்கம் உள்ள தளம் என்பதனாலேயே அதனை நடத்துபவர் நேர்மையானவர் என்றும் கொள்ள இயலாது.

சொல்லைத் தேர்தல்

குறை எதில் உள்ளது என்பதை முதலில் அறிந்து சொல்லைத் தேர்வது பொருத்தமாகும். பாலத்திற்கு உறுதியும், உழவருக்கு நிலையான வருவாயும், மாணவருக்குத் தன்னம்பிக்கையும், இணைப்பிற்கு மறையாக்கமும் தேவைப்படுகின்றன. சொல் மாறினால் தேடும் தீர்வும் மாறிவிடக்கூடும்.