பூனையின் மெய்ப்பாடு

நன்றிக்கு நாயையும் கள்ளத்துக்குப் பூனையையும் எடுத்துக்காட்டாகக் கூறுதல் நம்மவரிடையே நெடுநாளைய வழக்கு. பூனை வீட்டை விரும்பும், வீட்டாரை விரும்பாது என்பர் சிலர். கண்ணை மூடிக்கொண்டு, உலகமே இருண்டுவிட்டதென எண்ணுமாம் பூனை என்று பழமொழியும் அதனை நகையாடும். அடுக்களையிலும் திண்ணையிலும் நம்மோடு வாழும் இச்சிற்றுயிர்க்கு அன்பும் அச்சமும் துயரும் உண்டோ? உண்டெனின், அவற்றை அஃது எங்ஙனம் புலப்படுத்துகின்றது? இவ்வினா பொழுதுபோக்குக்கு எழுந்ததன்று. பூனைக்கு உணர்ச்சி இல்லையென்பார் அதன் நோவைக் காணார். இல்லாத உணர்ச்சியை அதன்மேல் ஏற்றுவார் அதனைக் காரணமின்றி ஒறுப்பர். இரண்டினாலும் இடர்ப்படுவது வாய்பேசா உயிரே.

உள்ளத்து நிகழ்வது உடம்பின்வழிப் பிறர்க்குப் புலனாதலை நம் முன்னோர் மெய்ப்பாடு என்றனர். தொல்காப்பியர் இதற்கென ஓர் இயலே வகுத்து, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டினைக் கூறினார். அவர் உரைத்தது செய்யுளுக்குரிய இலக்கணம், விலங்கு நூலன்று. மரபியலிலோ விலங்குக்கு ஐயறிவும், மக்கட்கு மனத்தொடு கூடிய ஆறறிவும் வகுத்தார். அவ்வாறறிவுக் கிளையிற் பிறவும் உள என இடமும் விட்டுச் சென்றார். மனம் மக்கட்கே சிறந்ததெனின் விலங்குக்கு அச்சமும் உவகையும் எங்ஙனம் பொருந்தும் என மாணாக்கர் வினவலாம். ஆராய்ந்து துணிதல் வேறு, அஞ்சுதல் வேறு. கைக்குழந்தை எதனையும் ஆராய்வதில்லை. ஆயினும் அஞ்சி அழுகின்றது. தாயைக் கண்டு மகிழ்கின்றது.

பூனையின் அச்சம் வெறுந் தோற்றமன்று என்பதற்கு அதன் குருதியே சான்று. அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்து உடற்றொழிலியல் அறிஞர் வோல்டர் கனனும் அவர்தம் துணைவரும், குரைக்கும் நாயின் முன் வைக்கப்பட்ட பூனையின் குருதியைச் சோதித்தனர். அமைதியாயிருந்த பொழுது காணப்படாத அதிரினலின் என்னும் சுரப்பு அதிற் கலந்திருத்தலை 1911 இல் வெளியிட்டனர். மனிதன் அஞ்சும்பொழுது அவன் நெஞ்சைப் படபடக்கச் செய்வதும் அச்சுரப்பேயாம்.

இனிப் புறத்தே தோன்றும் குறிகளை நோக்குவாம். மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியைப் புலப்படுத்தும் வகைபற்றிச் சாள்ஸ் டார்வின் 1872 இல் ஒரு நூல் வெளியிட்டார். அதிற் பூனையின் இரு நிலைகளைப் படத்தோடு விளக்கினார். தாக்க முனையும் பூனை உடம்பைத் தாழ்த்தும். காதுகளைப் பின்னோக்கிப் படியவைக்கும். வாலை இருமருங்கும் வீசும். அன்பு கொண்ட பூனையோ நிமிர்ந்து நின்று, முதுகைச் சற்றே வளைத்து, காதுகளை உயர்த்தி, வாலைச் செங்குத்தாக நிறுத்தி, விரும்பியவர் காலில் உடம்பை உரசும். இரு நிலைகளும் ஒன்றற்கொன்று மறுதலையாய் அமைந்திருத்தலே அவர் சுட்டிய நுட்பம். நாயைக் கண்டு அஞ்சிய பூனையும் முதுகை வளைப்பதுண்டு. ஆனால் அப்பொழுது அதன் மயிர் சிலிர்த்து நிற்கும். ஒரு குறியை மட்டும் கொண்டு பொருள் கொள்ளலாகாது. காது, கண், மயிர், வால் யாவற்றையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

ஒரு மொழியின் சொல்லுக்கு மற்றொரு மொழியின் அகராதியைக் கொண்டு பொருள் கூறுவாருளரோ? பூனையிடத்து நாம் செய்வது அதுவே. நாய் வாலாட்டுதல் பெரும்பாலும் உவகை. பூனை வாலை வீசியடித்தலோ எரிச்சல் அல்லது வெகுளி. இஃதறியாத சிறுவன் மேலும் தடவுவான், கீறல் பெறுவான், 'பொல்லாத பூனை' என்பான். அவ்வாறே பூனை தொண்டைக்குள் எழுப்பும் குர்குர் என்னும் முரலொலி பலபொருள் ஒருசொல் போல்வது. 'மா' என்பது விலங்கோ மரமோ என இடம்நோக்கித் துணிகின்றோம். மடியிற் கிடந்து முரலும் பூனை இன்புறுகின்றது. நோயுற்று ஒடுங்கிய பூனையும் முரல்வதுண்டு. அங்கும் இடமே பொருளை உணர்த்தும்.

அழைத்தால் வருவதில்லை என்பது பூனைமேற் சாற்றப்படும் மற்றொரு குற்றம். யப்பானில் நிகழ்ந்து 2013 இல் வெளியான ஆய்வொன்றில், அயலார் குரல்களையும் வளர்ப்பவர் குரலையும் பூனைகளுக்குக் கேட்பித்தனர். வளர்ப்பவர் குரலை அவை வேறு பிரித்தறிந்தன. அவ்வறிதலைக் காதையும் தலையையும் திருப்பிக் காட்டினவேயன்றி எழுந்து வந்தில. அறியாமையால் வாராதிருத்தல் வேறு. அறிந்தும் இருந்தவிடத்தே மறுமொழி கூறுதல் வேறு. நாம் காலடியை எதிர்பார்த்தோம். பூனை காதால் விடை தந்தது.

பழமொழி நகையாடிய கண்மூடலுக்கும் பொருளுண்டு. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் 2020 இல் வெளியிட்ட ஆய்வின்படி, வளர்ப்பவர் கண்களை மெல்லச் சுருக்கி மூடித் திறந்தால் பூனையும் அவ்வாறே கண்சுருக்க முற்படுகின்றது. முன்பின் அறியாதவர் அங்ஙனம் செய்தபோதும், அவர் நீட்டிய கையை அது நாடி வருதல் மிகுந்தது. பகைவர் முன் எவ்வுயிரும் கண்மூடாது. ஆதலின் நம்மெதிரே மெல்லக் கண்மூடும் பூனை நம்மை ஏய்க்கின்றதன்று. நம்புகின்றது எனக் கொள்வதே பொருத்தம்.

வீட்டாரை விரும்பாது என்னும் கூற்றையும் ஆராய்ந்துளர். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் பூனைக்குட்டிகளை வளர்ப்பவரோடு புதிய அறையொன்றில் இருத்தி, அவரை இரண்டு நிமிடம் வெளியே அனுப்பி, மீண்டும் வரச்செய்தனர். மீண்டு வந்தவரைக் கண்டு தேறி, அவரைத் துணையாகக் கொண்டு அச்சமின்றி அறையைச் சுற்றிப் பார்த்த குட்டிகள் 100 க்கு ஏறக்குறைய 64. இது 2019 இல் வெளியாயிற்று. குழந்தை தாயிடம் கொள்ளும் பற்றையும் இவ்வகைச் சோதனையாலேயே அளந்துளர்.

யாவற்றினும் நாம் கருத்தூன்ற வேண்டுவது நோவினை. பூனை தனித்து வேட்டையாடும் விலங்கு. பெரிய விலங்குகளுக்குத் தானே இரையாவதும் உண்டு. தன் தளர்ச்சியைப் பிறர்க்குக் காட்டாமை அதன் இயல்பு. நோவுற்ற பூனை ஓலமிடுதல் அரிது, மறைவிடம் நாடும், உண்ணாதிருக்கும். கனடாவின் மொன்றியல் பல்கலைக்கழகத்து மிருக வைத்திய அறிஞர் 2019 இல் பூனையின் முகங்கொண்டு நோவை அளக்கும் முறையொன்றை வகுத்தனர். காதின் நிலை, கண்ணின் சுருக்கம், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதியின் இறுக்கம், மீசையின் நிலை, தலையின் தாழ்வு என்னும் ஐந்தே அதன் குறிகள். அழுகை என்னும் மெய்ப்பாடு கண்ணீரின்றியும் நிகழும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

எனினும் எட்டினையும் பூனைக்கு ஏற்றுதல் தகாது. குறுந்தொகையின் 220 ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டுப் பூனையாகிய வெருகின் பல் தெரியும் தோற்றத்தைச் சிரிப்பாகக் கண்டு முல்லை அரும்புக்கு உவமையாக்கினார். புலவர்க்கு அஃது அழகு; அதுகொண்டு பூனை நகைக்கும் என நாம் துணிதல் பிழை. பழிவாங்கும் எண்ணமும் அத்தகையதே. பாயிலோ கதிரையிலோ சிறுநீர் கழித்த பூனையை, வஞ்சந் தீர்த்தது என்று அடிப்பாருளர். அச்சமோ சிறுநீர் நோயோ அதற்குக் காரணமாதல் கூடும். ஆண் பூனைக்குச் சிறுநீர் வழி அடைபடின் ஓரிரு நாளில் உயிர் போதலும் உண்டு. மருந்து வேண்டி நிற்கும் உயிர்க்கு நாம் கொடுப்பது அடி.

திருவள்ளுவர் குறிப்பறிதல் என்னும் ஒரே பெயரால் 71 ஆம் அதிகாரத்தையும் 110 ஆம் அதிகாரத்தையும் அமைத்தார். அரசவைக்கு ஒன்று, காதலர்க்கு ஒன்று. பேசவல்ல மக்களிடத்தே குறிப்பறிதல் இத்துணை வேண்டப்படுமாயின், பேசாத உயிர்களிடத்து எத்துணை வேண்டப்படும்! மெய்ப்பாட்டியல் கற்பிக்கும் ஆசிரியர், மாணாக்கரை வீட்டுப் பூனையின் காதையும் கண்ணையும் வாலையும் ஒரு கிழமை உற்றுநோக்கிக் கண்டவாறு எழுதிவரச் செய்வாராக. இலக்கணமும் விளங்கும், அப்பூனைக்குக் கல்லெறி ஒன்றேனும் குறையும்.