கொடை நோட்டீஸில் யார் பெயர் பெரிது?

சித்திரையில் தொடங்கி ஆவணி வரை வி.கே.புரம் பக்கம் சுவர்களில் கொடை நோட்டீஸ் ஒட்டியிருக்கும். விக்கிரமசிங்கபுரம் என்று முழுப் பெயரையும் சொல்பவர்கள் உள்ளூரில் குறைவு. நோட்டீஸில் கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் இன்னிசைக் கச்சேரி. பாடகர்களின் படம், டி.வி.யில் பாடியவர் என்ற அடைமொழி, உபயதாரர் பெயர் எல்லாம் அங்கேதான். அதற்குக் கீழே ஒற்றை வரியில் வில்லிசை, நையாண்டி மேளம், சில கோயில்களில் கணியான் கூத்து. வெளியூர்க்காரர் இதைப் படித்தால் கச்சேரிதான் விழாவின் தலை, மற்றதெல்லாம் வால் என்று நினைத்துக்கொள்வார். உள்ளபடி, கச்சேரி இல்லாமலும் கொடை நடக்கும். மேளமும் வில்லும் வரவில்லை என்றால் விழாக் கமிட்டிக்கு அன்று தூக்கம் கிடையாது.

கொடை என்பது அம்மன், சுடலைமாடன், இசக்கி போன்ற சாமிகளுக்கு ஊரோ ஒரு வகையறாவோ சேர்ந்து எடுக்கும் விழா. பந்தல்கால் நடும் கால்நாட்டில் தொடங்கும். கொடைக்கு முந்தின இரவு சாமியை அழைக்கும் குடியழைப்பு. மறுநாள் உச்சியில் மதியக் கொடை, நள்ளிரவில் சாமக் கொடை. கோயிலுக்குக் கோயில் வழக்கம் கொஞ்சம் மாறும். ஆனால் சாமி வந்து இறங்க வேண்டிய வேளைகள் முன்பே குறிக்கப்பட்டவை. அந்த வேளைக்குச் சாமியாடிக்கு அருள் வர வேண்டும். அதை வரவழைக்கிற பொறுப்பு பாடுகிறவர், கொட்டுகிறவர் கையில் இருக்கிறது.

வில்லுப்பாட்டுக்காரர்களை முதலில் பார்ப்போம். ஆள் உயரத்தைவிட நீளமான வில், அதில் வரிசையாக மணிகள், இழுத்துக் கட்டிய தோல் நாண். வில்லை ஒரு மண்குடத்தின் மேல் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். நடுவில் இருக்கும் புலவர் இரண்டு வீசுகோல்களால் நாணைத் தட்டிக்கொண்டே கதை சொல்வார். பக்கத்தில் குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. குடம் அடிப்பவர் அதன் வாயில் மட்டையால் அறைவார். அந்தக் கனத்த ஓசைதான் வில்லுப்பாட்டின் அடித்தளம். மைக் இல்லாத காலத்திலும் அது தெருமுனை வரை கேட்டிருக்கும். புலவருக்கு எதிர்ப்பாட்டுப் பாட ஒருவர் உண்டு. புலவர் ஒரு வரி சொன்னதும் “ஆமா” என்று அவர் இழுப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆமாவில்தான் புலவர் மூச்சு வாங்கி அடுத்த அடியை எடுக்கிறார். இரவு முழுக்கப் பாட வேண்டிய தொழிலில் அது சின்ன விஷயமில்லை.

மேடை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். வில்லு மேடை வழக்கமாகச் சாமியைப் பார்த்து இருக்கும். கச்சேரி மேடை ஜனத்தைப் பார்த்து இருக்கும். இரண்டு தொழிலுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. கச்சேரிக்காரருக்குக் கைதட்டல் போதும். வில்லுப் புலவர் அந்தச் சாமியின் பிறப்பிலிருந்து கதையை எடுத்து, மரணம் அல்லது பழிவாங்கல் வரும் கட்டத்தைப் பூசை நேரத்தோடு பொருத்த வேண்டும். பூசாரி தாமதித்தால் கதையை நீட்டுவார், கிளைக்கதை சொல்வார், கமிட்டித் தலைவரை ஒரு கேலி கேட்பார். பூசை தயாரானால் கதையைச் சுருக்கி, வேகத்தைக் கூட்டி, சாமியைப் பெயர் சொல்லி அழைத்துப் பாடுவார். அங்கேதான் சாமியாடிகள் ஆடத் தொடங்குவார்கள். நையாண்டி மேளமும் அந்த நேரத்தில் சேர்ந்துகொள்ளும். நாகஸ்வரம், தவில், பம்பை எல்லாம் சாமியாடியின் காலைப் பார்த்து வேகம் பிடிக்கும். என் கணக்கில் இந்த இரவின் நிஜமான நட்சத்திரம் அந்தத் தவில்காரர்தான். ஆனால் நோட்டீஸில் அவருக்குப் படம் இருக்காது.

சுடலைமாடன் கோயில்களில் கணியான் கூத்து சேரும். பழங்குடிப் பட்டியலில் உள்ள கணியான் சமூகத்தாரின் கலை இது. அண்ணாவி பாடுவார். இரண்டு பேர் மகுடம் அடிப்பார்கள். மகுடம் ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டிய வட்டப் பறை, ஒன்று உச்சம், ஒன்று மந்தம். பெண் வேடமிட்ட ஆண்கள் சலங்கை கட்டி ஆடுவார்கள். கணியான் தன் கையைக் கீறி ரத்தம் கொடுக்கும் கைவெட்டுச் சடங்கும் இதில் உண்டு. இதைக் கலை நிகழ்ச்சி என்ற தலைப்பில் நோட்டீஸ் போடுவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

வி.கே.புரத்துக்காரர்களுக்கு இதில் ஒரு தனிப் பெருமை உண்டு. வில்லுப்பாட்டின் புகழ்பெற்ற கதைகளில் ஒன்றான முத்துப்பட்டன் கதை பக்கத்து மலையோடு ஒட்டியது. பிராமண குலத்தில் பிறந்த பட்டன், தோல் தொழில் செய்யும் வாலப்பகடையின் மக்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்கிறான். மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். பட்டவராயனாகக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் நிற்கும் அவனுக்கு நேர்த்திக்கடனாகச் செருப்பு கட்டுகிறார்கள். நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தார். அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணப் பிள்ளைகள், பகடை எடுத்து வளர்த்தார் என்று கதையைத் திருப்பும் பாடமும் உண்டு. சாதி மீறிய கல்யாணத்தை ஜீரணிக்க முடியாதவர்கள் செய்த ஒட்டு வேலை அது என்பது வெளிப்படை. எந்தப் பாடத்தைப் பாடுவது என்பது வில்லுக்காரருக்கு இன்றைக்கும் லேசான முடிவாக இருக்காது.

வில்லு கோயிலை விட்டு வெளியேயும் போயிருக்கிறது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அதைப் பொது மேடைக்குக் கொண்டுபோனார். திருநெல்வேலி சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் சென்னையில் இருந்துகொண்டு காந்தி கதை வரை பாடினார். 2021-ல் பத்மஸ்ரீ பெற்று, 2022-ல் மறைந்தார். குமரி மாவட்டத்துப் பூங்கனி ஆண்கள் கோலோச்சிய இந்தத் தொழிலில் சிறுவயதிலேயே மேடையேறி, நெடுங்காலம் பாடி, 2018-ல் மறைந்தார். கலைவாணரும் சுப்பு ஆறுமுகமும் பாடிய நகரத்து வில்லிசையில் சாமி இறங்க வேண்டியதில்லை. அதனால் அது வேறு கலை என்றே சொல்வேன். தாழ்வாகச் சொல்லவில்லை. நாகஸ்வரமும் இப்படி இரண்டு வீடு உள்ள வாத்தியம்தான். இதே வட்டாரத்தில், சேரன்மகாதேவிக்கு அருகே உள்ள காருகுறிச்சியில் பிறந்த அருணாசலம், 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் வாசித்து உலகத் தமிழர் காதிலெல்லாம் விழுந்தார்.

இனி கச்சேரி. அதைக் குறைத்துப் பேசவில்லை. சென்னை, கோவை, வளைகுடா என்று போன பிள்ளைகள் கொடைக்கு ஊர் திரும்புகிறார்கள். அவர்கள் கூடி உட்கார ஒரு காரணம் வேண்டும். வழக்கமாக அம்மன் பாட்டில் தொடங்கி, பழைய பாட்டுக்கு வந்து, கடைசியில் பையன்கள் ஆடுகிற குத்துப் பாட்டில் முடியும். எட்டு மணிக்கு மேல் தொடங்குகிற கச்சேரியை நிறுத்துவது பெரும்பாலும் கடிகாரம். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டில் மொத்தம் 15 நாட்களுக்கு மேல் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2005-ல் இந்த இரவுத் தடையை வலியுறுத்தியது. ஆடல் பாடல் என்றால் போலீஸ் அனுமதி தனி. மறுத்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகிற கமிட்டிகளும் உண்டு.

கச்சேரிக்காரர் பத்து மணிக்கு வயரைச் சுருட்டிவிடலாம். சாமக் கொடைக்கு அந்த வசதி இல்லை. சாமி வர வேண்டிய நேரமே நள்ளிரவு. அப்போது மைக்கை அணைத்துவிட்டுக் குடத்தையும் உடுக்கையையும் நம்பிப் பாட வேண்டும். சாமிக்கு அது போதும். முன் வரிசையைத் தாண்டி உட்கார்ந்திருப்பவருக்குக் கதை கேட்காது, எழுந்து போய்விடுவார். சட்டம் தவறு என்று சொல்ல மாட்டேன், கொடைத் தெருவில் நோயாளியும் படிக்கிற பிள்ளையும் இருக்கிறார்கள். கூம்பு ஸ்பீக்கரை நாலு திசைக்கும் கட்டிய காலத்தின் கடனை இப்போது வில்லுக்காரர் அடைக்கிறார் என்பதுதான் வருத்தம்.

பணம் எப்படி வருகிறது? வரி போடுவார்கள், குடும்பத்துக்கு இவ்வளவு என்று. வரியில் முதலில் போவது பூசைச் செலவும் மேளமும் வில்லும். கச்சேரி பெரும்பாலும் உபயம். யாராவது ஒருவர் தனியாக ஏற்றுக்கொள்வார், அதனால்தான் நோட்டீஸில் அதற்கு அத்தனை இடம். எழுத்தின் அளவு கொடுத்த கையைக் காட்டுகிறதே தவிர, நிகழ்ச்சியின் எடையைக் காட்டுவதில்லை.

கலைஞர்களுக்கு உள்ள சிக்கல் நாள்காட்டியில் இருக்கிறது. அம்மன் கொடை பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை, மாடன் கொடை வெள்ளிக்கிழமை. எல்லா ஊரும் அதே சில செவ்வாய்களைக் கேட்டால் ஒரு குழு எத்தனை ஊருக்குப் போகும்? ஒரே நாளில் நான்கு அழைப்பு வரும், அடுத்த மூன்று நாள் சும்மா இருப்பார்கள். ஆண்டு வருமானம் நாலைந்து மாதத்துக் கிழமைகளுக்குள் அடைபட்டிருப்பதால்தான் 2020, 2021 ஊரடங்குகள் இவர்களை அப்படி அடித்தன. சரியாகச் சித்திரையும் வைகாசியும் அடைபட்டன. வில்லுக்காரரைப் பேசி முடிக்க நினைக்கும் கமிட்டிக்கு ஒரு யோசனை: தை பிறந்ததுமே போய் அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள். கச்சேரிக் குழுவை ஆனி மாதம்கூடப் பிடித்துக்கொள்ளலாம்.