துடைப்பத்தை ஒளிச்சு வைங்க... கேமராவை எடுங்க!

செமஸ்டர் லீவு விட்டாச்சு. ஊட்டிக்குப் போக பட்ஜெட் இல்லை. கொடைக்கானலுக்கு வீட்ல பர்மிஷன் இல்லை. கையில் மொபைல் இருக்கு, அதுல சூப்பரா ஒரு கேமராவும் இருக்கு, ஆனா எடுக்கத்தான் ஒண்ணுமே இல்லைனு புலம்புற ஆளா நீங்க? கொஞ்சம் எழுந்து வீட்டுக்குப் பின்பக்கம் போங்க பாஸ். கொல்லைக் கதவைத் திறந்தாலே போதும்.

நான் திறந்தது காரைக்காலுக்கு வடக்கே, கோட்டுச்சேரிமேட்டில் இருக்கிற என் அத்தை வீட்டுக் கொல்லைக் கதவை. கடலோர மீனவக் கிராமம். தோட்டம்னு சொல்ல அங்கே ஒண்ணும் கிடையாது. கொஞ்சம் மணல், ஒரு மூலையில் கறிவேப்பிலை, இன்னொரு மூலையில் எருக்கு, நடுவில் பழைய வலைக் குவியல். ஆனா ஐப்பசி, கார்த்திகை மழை முடிஞ்சு மார்கழி பிறந்ததும் அந்த மணலைப் பார்க்கணுமே! தும்பை வெள்ளை வெளேர்னு பூத்துக் கிடக்கு. நெருஞ்சி மஞ்சளா கண் திறக்குது. வேலியில் சிறுபூனைக்காலி. கடற்கரைப் பக்கம் நடந்தால் மணல்மேட்டில் அடப்பங்கொடியின் ஊதாப் பூ. 'இதுக்கா ஹாஸ்டல்லேர்ந்து வந்தே? எல்லாம் களைடா, போகிக்கு முன்னாடி வழிச்சு எடுத்துடணும்' என்றார் அத்தை. அந்தப் பேச்சு அப்புறம் எனக்குப் பெரிய வினையா வந்துச்சு. அதைக் கடைசியில் சொல்றேன்.

முதல்ல கறிவேப்பிலை. தினமும் சாம்பாரில் இருந்து பொறுக்கி ஓரமா வைக்கிறோமே, அதோட அறிவியல் பெயர் முர்ராயா கோனிகி. யார் இந்த 'கோனிகி'? யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்கிற டாக்டர். கோட்டுச்சேரிமேட்டில் இருந்து பத்து கிலோமீட்டர் சுமாரில் இருக்கிற தரங்கம்பாடிக்கு, அது டேனிஷ்காரர்கள் கையில் இருந்த 1768-ல் வந்து இறங்கினவர். வைத்தியம் பார்க்கத்தான் வந்தார். ஆனா மனுஷனுக்குச் செடி, கொடி, பூச்சி மேல அவ்வளவு பைத்தியம். இவர், உயிர்களுக்கு ரெட்டைப் பெயர் வைக்கிற முறையைக் கொண்டுவந்த லின்னேயஸின் மாணவர். 1771-ல் லின்னேயஸ் கறிவேப்பிலைக்கு தன் மாணவர் பெயரையே சூட்டிட்டார். கோனிக் சேகரிச்ச பூச்சிகளை வெச்சு இன்னொரு லின்னேயஸ் மாணவரான ஃபாப்ரிசியஸ் ஐரோப்பாவில் உட்கார்ந்து பெயர் வெச்சுக்கிட்டிருந்தார். தமிழ்நாடு அரசு 2019-ல் மாநில வண்ணத்துப்பூச்சியா அறிவிச்ச 'தமிழ் மறவன்' இருக்கே, அதுக்கு 1787-ல் அறிவியல் பெயர் வெச்சவரும் இதே ஃபாப்ரிசியஸ்தான். (மறவன் மலைக்காட்டு ஆள். கடற்கரைக் கொல்லையில் தேடி ஏமாறாதீங்க.)

ஆக, உங்க கொல்லையில் நின்னு பூச்சி தேடுறது ஒண்ணும் வெட்டி வேலை இல்லை. 250 வருஷமா இந்தப் பக்கத்து மணலில் நடக்கிற வேலை அது. கோனிக் காலத்தில் பூச்சியைப் பிடிச்சு ஊசி குத்திக் கப்பல் ஏத்தினாங்க. நமக்கு ஒரு 'க்ளிக்' போதும்.

அந்தக் கறிவேப்பிலைக் கிளையையே இன்னும் கொஞ்சம் உத்துப் பாருங்க. இலை மேல குருவி எச்சம் மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கா? மெதுவா நகருதா? அது கறிவேப்பிலை அழகியோட புழு. பறவை கண்ணில் படாம இருக்கத்தான் இந்த வேஷம். வளர்ந்ததும் பச்சைக்கு மாறிடும். லேசா தொட்டால் தலைக்குப் பின்னாடி இருந்து கவட்டை மாதிரி ஒண்ணை நீட்டி நாத்தம் அடிக்கும். இதோட உறவுக்காரி எலுமிச்சை அழகி. எலுமிச்சை, நாரத்தை, வில்வம்னு அந்தக் குடும்ப மரங்களில் முட்டை போடும். வில்வம் புதுச்சேரியின் மாநில மரம் என்பதால் காரைக்கால்காரங்க இதில் தாராளமா பெருமைப்பட்டுக்கலாம்!

இனிமேதான் கூத்து. ஒரு காலையில் சிவப்பு, வெள்ளைப் புள்ளியோட கறுப்பா ஒண்ணு வந்து உட்கார்ந்துச்சு. 'ரோஜா அழகி'னு துள்ளிக் குதிச்சு எடுத்தேன். ராத்திரி ஜூம் பண்ணிப் பார்த்தா உடம்பு கறுப்பு. ரோஜா அழகிக்கு உடம்பு சிவப்பா இருக்கணும். நான் எடுத்தது கறிவேப்பிலை அழகியோட பொண்ணு! ரோஜா அழகி விஷச் செடியைத் தின்னு வளர்றதால பறவைகள் அதைத் தொடாது. அந்த 'கெட்ட பேரை' இரவல் வாங்கிக்கிட்டு இந்தம்மா நிம்மதியா சுத்துது. ஆணுக்கு இந்த மாறுவேஷம் கிடையாது. இந்த வேஷத்தை மாத்துறது 'டபுள்செக்ஸ்' என்கிற ஒரே ஒரு மரபணுதான்னு பெங்களூருவின் கிருஷ்ணமேக் குந்தே உள்ளிட்ட குழு 2014-ல் 'நேச்சர்' இதழில் எழுதியிருக்காங்க. நானும் ஏமாந்தேன், பறவையும் ஏமாறுது. சந்தோஷம்.

எருக்குப் பக்கம் போனால் வெந்தய வரியன். ஆரஞ்சு நிறம், ஓரத்தில் கறுப்பு. எருக்கம்பாலில் இருக்கிற நஞ்சு புழு வழியா இதோட உடம்பில் சேர்ந்துடுது. அதான் யாருக்கும் பயப்படாம அவ்வளவு சாவகாசமா பறக்கும். கேமராக்காரனுக்கு இதைவிட நல்ல மாடல் கிடைக்காது. இதையும் காப்பியடிக்க ஒரு பூச்சி இருக்கு. டனாய்டு எக்ஃப்ளை. அதோட புழுவுக்குச் சாப்பாடு, மணலில் படர்ந்து கிடக்கிற பருப்புக்கீரை. அசல் ஒரு செடி, நகல் இன்னொரு செடி... ரெண்டும் அத்தை பாஷையில் 'களை'!

சரி, எடுக்கிறது எப்படி? வண்ணத்துப்பூச்சிக்கு உடம்பு சூடேறாம பறக்க வராது. காலை 7-ல் இருந்து 9 மணி வரை சிறகை விரிச்சு வெயில் காயும். அதுதான் உங்க நேரம். அதுக்கு மேல கடல்காற்று ஏறி தும்பைச் செடி டான்ஸ் ஆட ஆரம்பிச்சிடும். உங்க நிழல் அது மேல விழுந்தா போச்சு, எகிறிடும். அதனால சூரியன் இருக்கிற பக்கத்தைப் பார்த்து நில்லுங்க, மெதுவா மண்டி போடுங்க, முழங்கால் மணலாகட்டும். மேல நின்னு கீழ நோக்கி எடுத்தா எல்லாப் படமும் ஸ்டாம்ப் மாதிரிதான் வரும். மொபைலில் மேக்ரோ மோடுன்னு மூக்கு மேல கொண்டு போகாதீங்க. 2 எக்ஸ், 3 எக்ஸ் லென்ஸ் இருந்தால் அரை மீட்டர் தள்ளி நின்னே எடுக்கலாம். பெரிய கேமரான்னா ஷட்டர் 1/500-க்குக் குறையாம, அப்பர்ச்சர் எஃப் 8 பக்கத்தில். ஃபோகஸ் எப்பவும் கண்ணில். சிறகோட மேல்பக்கம் ஒண்ணு, அடிப்பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு படம் எடுங்க. விரல் நகம் அளவில் தரையை ஒட்டிப் பறக்கிற 'கிராஸ் ப்ளூ'க்களை அடிச்சிறகுப் புள்ளியை வெச்சுத்தான் அடையாளம் சொல்ல முடியும். உட்கார்ந்த செடியையும் சேர்த்து எடுங்க. அப்புறம் அந்த உப்புக் காத்து! வீட்டுக்குள்ள வந்ததும் லென்ஸைத் துடைக்க மறந்தீங்கன்னா, அடுத்த மாசம் சர்வீஸ் சென்டரில்தான் சந்திப்போம்.

ஒரு கெஞ்சல். பூச்சியை ஃப்ரிட்ஜில் வெச்சு மரத்துப்போக வெச்சுட்டு, பூ மேல ஒட்டி 'நேச்சுரல் ஷாட்'னு போடுற கில்லாடிகள் இருக்காங்க. அந்தப் படத்துக்கு ஆயிரம் லைக் விழலாம், ஆனா அது போட்டோகிராஃபி இல்லை, மோசடி.

எடுத்ததை கேலரியில் புதைக்காம தேதி, ஊர் பெயரோட 'ஐநேச்சுரலிஸ்ட்'டிலோ, 'பட்டர்ஃப்ளைஸ் ஆஃப் இந்தியா' தளத்திலோ ஏத்துங்க. தப்பான பெயர் போட்டாலும் திருத்த ஆள் இருக்காங்க, என் ரோஜா அழகிக்கு நடந்த மாதிரி! 2020-ல் இருந்து செப்டம்பர் மாசத்தை 'பிக் பட்டர்ஃப்ளை மன்த்'னு நாடு முழுக்க ஆர்வலர்கள் கொண்டாடுறாங்க. கணக்கெடுப்பில் கொல்லையும் சேர்த்திதான்.

இப்ப அந்த வினை. போன மார்கழியில் எருக்கு இலைக்கு அடியில் ஒரு கூட்டுப்புழு. இளம்பச்சை, அதில் குண்டூசி முனை அளவுக்குத் தங்கப்புள்ளிகள். ஒவ்வொரு நாளும் ஒரு படம். எட்டு படம் ஆச்சு. உள்ளே இருக்கிற ஆரஞ்சுச் சிறகு வெளியே தெரிய ஆரம்பிக்கும், அதுக்கப்புறம் வெடிக்கும், அந்த ஒரு ஃப்ரேமுக்காகத்தான் இத்தனை மண்டி. இடையில் ஒரு வேலையா ஹாஸ்டலுக்குப் போயிட்டு, போகி அன்னிக்கு பஸ் பிடிச்சு வந்து இறங்கினால்... கொல்லை பளிச்சுனு இருக்கு. துடைப்பக் கோடு மட்டும் மணலில் வரிவரியா. எருக்கு, தும்பை எல்லாம் ஒரு மூலையில் புகைஞ்சுக்கிட்டிருக்கு. 'நல்ல நாளும் அதுவுமா பாம்பு, தேள் வந்துடக் கூடாதேடா' என்றார் அத்தை. அவரைக் கோவிச்சுக்க முடியுமா? பாம்பு பயம் நிஜம். அவர் பேரப்புள்ளைங்க அங்கதான் விளையாடுதுங்க.

கோபத்தை விட்டுட்டு அந்த எட்டுப் படத்தையும் அவர்கிட்ட வரிசையா காட்டினேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. 'இது நம்ம எருக்கா?'னு மட்டும் கேட்டார். அப்புறம் ரெண்டு பேரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். வீட்டை ஒட்டி அவர் இஷ்டம். பின்னாடி எருக்கு மூலை மட்டும், அது திரும்பத் துளிர்த்தால், வலைத்துண்டைக் கட்டி விட்டுடறது.

துளிர்த்துடுச்சு. எருக்காச்சே! இந்த மார்கழியில் ஒரு ராத்திரி அத்தைகிட்ட இருந்து போன்.

'டேய், எருக்குல பச்சையா என்னமோ தொங்குதுடா. நான் கிட்டக்கூடப் போகலை. எப்ப வர்றே?'