பெட்ரோல் டேங்குக்குள் பஞ்சு எதற்கு?

 

பெட்ரோல் பந்தயக் கார்கள் பலவற்றில் டேங்க் என்பது ரப்பர் பூசிய துணிப் பைதான். உள்ளே கடற்பஞ்சு போலத் துளைத்துளையாய் நுரைப்பஞ்சு. அது வளைவில் பெட்ரோல் தளும்பாமல் பிடிக்கும். ஆவி வெடிப்பதையும் அடக்கும். டேங்கில் அடைக்கும் இடமோ மிகச் சொற்பம்.

நம் தெருக் காருக்கு? வேண்டியதில்லை. அதன் பிளாஸ்டிக் டேங்கில் தடுப்புகளும், பம்ப்பைச் சுற்றிச் சிறு கிண்ணமும் உண்டு. ஆனால் ஆசைக்குப் பந்தய டேங்கையே மாட்டிவிட்டீர்களா? அப்போது பஞ்சைப் பிடுங்காதீர்கள். கால் டேங்க் பெட்ரோலில் வளைந்தால் பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும். ஒன்று மட்டும்: பஞ்சு நாள்பட்டால் பொடிந்து உதிரும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற பஞ்சாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்தத் துகள் ஃபில்டரை அடைத்து, வண்டி நடுரோட்டில் நின்றுவிடும்.