குட்டியை வாங்கும் முன் தாயைப் பாருங்கள்

கோலாலம்பூர் – தீபாவளி நெருங்கினாலோ பள்ளி விடுமுறை தொடங்கினாலோ கிள்ளான் பள்ளத்தாக்கில் டெரியர் குட்டிகளைத் தேடுவோர் கூடிவிடுகின்றனர். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளிலும் கிள்ளான் தாமான்களின் வரிசை வீடுகளிலும் பெரிய நாய் வளர்க்க இடம் போதாது. அதனால் யார்க்ஷயர், சில்கி, ஜாக் ரசல் போன்ற சிறிய இனங்களுக்கு எப்போதும் கிராக்கி உண்டு.

வாங்குவதும் எளிதாகிவிட்டது. முகநூலில் படம் வருகிறது. வாட்ஸ்அப்பில் விலை பேசி, வங்கிக் கணக்கில் முன்பணம் போட்டால் போதும். பெட்ரோல் நிலையத்தில் நிறுத்திய காரிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியில் குட்டி கைமாறுகிறது. பல வீடுகளில் அதற்குப் பின் நடப்பதும் ஒரே மாதிரிதான். நான்காம் நாள் குட்டி சாப்பிட மறுக்கிறது. வாந்தி எடுக்கிறது, இரத்தம் கலந்து வயிற்றால் போகிறது. கிளினிக்கில் ‘பார்வோ’ என்கிறார்கள். விற்றவரின் கைப்பேசி அடைக்கப்பட்டிருக்கிறது. குட்டிக்குப் பெயர் வைத்த பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது என்று பெற்றோருக்குத் தெரிவதில்லை.

இத்தனை பேச்சுக்கும் நடுவில் ஒரு கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்: இந்தக் குட்டியின் தாய் எங்கே?

தாயோடு எட்டு வாரம்

நாய்க்குட்டி பிறந்து எட்டு வாரமாவது தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருக்க வேண்டும். தாய்ப்பால் குடிப்பதற்காக மட்டும் அல்ல. எவ்வளவு பலமாகக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும், எப்போது விளையாட்டை நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் குட்டி அந்த வாரங்களில்தான் கற்றுக்கொள்கிறது. ஐந்தாம் வாரத்திலேயே பிரிக்கப்பட்ட குட்டி பிற்காலத்தில் அதிகம் கடிப்பதும், பயந்து குரைப்பதும், தனிமையில் விட்டால் தவிப்பதும் உண்டு.

இருந்தும் விற்பவருக்கு அவசரம். குட்டி சிறியதாக இருக்கும்போதுதான் படத்தில் அழகாகத் தெரிகிறது. வாரம் கூடக்கூட உணவுச் செலவும் தடுப்பூசிச் செலவும் கூடுகின்றன. எனவே ஐந்து, ஆறு வாரக் குட்டியையே ‘இரண்டு மாதம்’ என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். பால்பற்கள் மூன்றாம் வாரம் அளவில் முளைக்கத் தொடங்கி, எட்டாம் வாரம் அளவில்தான் முழுமையாக வந்து சேரும். கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தே ஓரளவு வயதைச் சொல்லிவிடுவார்.

இங்கிலாந்து இதற்குச் சட்டமே கொண்டு வந்திருக்கிறது. வேல்ஸில் இருந்த ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து 2013-இல் மீட்கப்பட்ட லூசி என்ற பெண்நாயின் பெயரால் அது ‘லூசி சட்டம்’ என்று அழைக்கப்படுகிறது. மீண்டும் மீண்டும் குட்டி போட வைக்கப்பட்டதில் உடல் உருக்குலைந்த நாய் அது. 2020 ஏப்ரல் 6 முதல் அங்கே இடைத்தரகர்கள் வணிகமாக ஆறு மாதத்துக்குட்பட்ட நாய்க்குட்டிகளை விற்க முடியாது. குட்டி பிறந்த இடத்திலேயே, தாயுடன் சேர்த்துத்தான் வாங்குபவருக்குக் காட்ட வேண்டும். அந்தச் சட்டம் இங்கே இல்லை. ஆனால் அதே நிபந்தனையை வாங்குபவர் தாமாகவே வைக்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

பார்வோ ஏன் இவ்வளவு குட்டிகளைக் கொல்கிறது?

தாய் நாய் குட்டிகளுக்குத் தரும் முதல் தடுப்பு மருந்து சீம்பால்தான். பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலின் வழியாகத் தாயின் நோய் எதிர்ப்பு ஆற்றல் குட்டிக்குச் செல்கிறது. தாய்க்கு ஒழுங்காகத் தடுப்பூசி போடப்பட்டிருந்தால் அந்த ஆற்றல் வலுவாக இருக்கும். தாய்க்கே ஊசி போடாத இடத்தில் குட்டிக்குக் கிடைப்பதும் சொற்பம்தான்.

தாயிடமிருந்து வந்த இந்த ஆற்றல் சில வாரங்களில் படிப்படியாகக் குறைந்து மறையும். அது உடலில் இருக்கும்வரை போடப்படும் தடுப்பூசியை வேலை செய்யவிடாமல் தடுக்கவும் செய்யும். எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் அது மறையும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டாம் வாரத்தில் முதல் ஊசி, பிறகு இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகள், கடைசி ஊசி பதினாறாம் வாரத்திலோ அதற்குப் பிறகோ என்று மருத்துவர்கள் அட்டவணை போடுகிறார்கள். ‘ஓர் ஊசி போட்டாகிவிட்டது, இனிக் கவலையில்லை’ என்று விற்பவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது.

பார்வோ கிருமி 1970-களின் இறுதியில்தான் உலகத்துக்குத் தெரிய வந்தது. தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் கிருமி அது. சாதாரண சவர்க்காரத்துக்குச் சாகாது. நீர் கலந்த குளோரின் பிளீச்சுக்குச் சாகும். பார்வோவில் ஒரு குட்டி இறந்த வீட்டுக்கு, ஊசிகள் முடியாத இன்னொரு குட்டியை உடனே கொண்டுவருவது அதற்கும் ஆபத்து. தொற்று ஏற்பட்டுப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாளில் அறிகுறி தெரியும் என்பதால், வாங்கிய முதல் வாரத்தில் நோயில் விழும் குட்டி விற்ற இடத்திலேயே கிருமியை வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொரு நோயையும் மறக்கக் கூடாது. டெரியர் இனங்கள் எலி பிடிக்கவும், வளைக்குள் புகுந்து விலங்குகளை விரட்டவும் உருவாக்கப்பட்டவை. வீட்டுப் பின்சந்தில் எலி ஓடினால் அவை சும்மா இருக்காது. எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக் காய்ச்சல், நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். வெள்ள நீர் புகும் பகுதிகளில் வசிப்போர் இதற்கான தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

‘டீகப்’ என்று ஓர் இனம் இல்லை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் நெசவாலைப் பகுதிகளில் எலி பிடிக்க வளர்க்கப்பட்ட நாய்களிலிருந்து வந்தது யார்க்ஷயர் டெரியர். அனைத்துலக நாய் வளர்ப்புக் கூட்டமைப்பின் தரவரையறைப்படி அதன் எடை 3.2 கிலோ வரை இருக்கலாம். ‘டீகப்’ என்ற பெயரில் தனி இனம் எதுவும் அங்கீகரிக்கப்படவில்லை. ஈற்றில் மிகச் சிறியதாகப் பிறந்த குட்டியோ, வயதைக் கூட்டிச் சொல்லப்பட்ட குட்டியோ, வளர்ச்சி குன்றிய குட்டியோதான் அந்தப் பெயரில் கூடுதல் விலைக்குப் போகிறது.

இப்படிப்பட்ட குட்டிகளுக்கு இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். சில மணி நேரம் சாப்பிடாவிட்டாலே தள்ளாடும், நடுங்கும், மயங்கும். ஈறுகளில் சிறிது தேனோ சர்க்கரை நீரோ தடவி, உடனே கிளினிக்குக்குக் கொண்டு செல்ல வேண்டும். முழங்கால் சில்லு இடம் விலகுவது, மூச்சுக்குழாய் தளர்ந்து வாத்து கத்துவதுபோல் இருமுவது, பற்கள் நெருக்கமாக வளர்ந்து சீக்கிரம் கெட்டுப்போவது ஆகியவை சிறிய இனங்களில் அடிக்கடி காணப்படும் குறைகள். இவற்றில் பல பரம்பரையாக வருபவை. தாய் நடக்கும்போது பின்காலைத் தூக்கித் தூக்கித் தாவுகிறதா, இருமுகிறதா என்று கவனித்தாலே குட்டியைப் பற்றி ஓரளவு தெரிந்துகொள்ளலாம்.

வீட்டில் குட்டி ஈனவைப்போர் கவனத்துக்கு

குடும்ப வருமானத்துக்குத் துணையாக ஒன்றிரண்டு பெண்நாய்களை வைத்துக் குட்டி விற்பவர்கள் எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. பெரிய பண்ணையைவிட வீட்டுக் கூடத்தில், மனிதர்கள் நடுவில் வளரும் குட்டி நன்றாகப் பழகும். ஆனால் இது எளிதான பணம் என்று நினைத்து இறங்கியவர்கள் சீக்கிரமே வேறு பாடம் படிக்கிறார்கள்.

சிறிய டெரியர் ஒருமுறைக்கு இரண்டு முதல் ஐந்து குட்டிகள் ஈனுவது வழக்கம். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். ஈற்றில் ஒரே ஒரு குட்டி இருந்தால் அது பெரிதாக வளர்ந்து வழியில் சிக்கிக்கொள்ளக்கூடும். அப்போது சிசேரியன் தேவைப்படலாம். தாய் அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை என்றாலோ, ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனாலோ காத்திருக்கக் கூடாது. நள்ளிரவில் திறந்திருக்கும் கிளினிக் எது, அங்கே அறுவை சிகிச்சை செய்வார்களா என்பதை முன்னதாகவே விசாரித்து வைக்க வேண்டும்.

பால் கொடுக்கும் முதல் சில வாரங்களில் சிறிய தாய்நாய்களுக்குக் கால்சியம் சட்டென்று குறைவதும் உண்டு. மூச்சிரைப்பு, அமைதியின்மை, உடல் விறைப்பு, நடுக்கம் தெரிந்தால் குட்டிகளைப் பிரித்துவைத்து உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். சில மணி நேரத் தாமதம் தாயின் உயிரைப் பறித்துவிடும். சிசேரியன் கட்டணம், தாயின் ஊட்ட உணவு, குடற்புழு மருந்து, தடுப்பூசி, இறந்துபோகும் குட்டிகள் எல்லாவற்றையும் கழித்தபின் கையில் நிற்பது என்ன என்று முதலிலேயே கணக்குப் போடுவது நல்லது.

அந்தக் கணக்கைச் சரிக்கட்ட ஒவ்வொரு பருவத்துக்கும் தாயைச் சினையாக்குவதில்தான் கொடுமை தொடங்குகிறது. இங்கிலாந்தின் கென்னல் கிளப் பொதுவாக ஒரு பெண்நாய்க்கு நான்கு ஈற்றுக்கு மேல் பதிவு செய்வதில்லை. எட்டு வயதை அடைந்த பின் ஈன்ற குட்டிகளையும், இரண்டு சிசேரியன் முடிந்த தாய் மறுபடி ஈன்ற குட்டிகளையும் அது ஏற்பதில்லை. இங்கே வீட்டில் வளர்ப்போரும் இந்த வரம்பைத் தமக்கென்று வைத்துக்கொள்ளலாம். பல ஆண்டுகள் சம்பாதித்துக் கொடுத்த நாயை, இனி ஈனாது என்றதும் தெருவில் விடுவதை எந்த வருமானமும் நியாயப்படுத்தாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவின் விலங்கு நலச் சட்டம் 2015-இல் இயற்றப்பட்டு 2017 ஜூலையில் நடப்புக்கு வந்தது. தகுந்த இடம், உணவு, இயல்பாக நடமாடும் வாய்ப்பு, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு ஆகியவற்றை வளர்ப்பவர் தந்தாக வேண்டும். கொடுமை நிரூபிக்கப்பட்டால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். விலங்குகளைக் கொண்டு வணிகம் செய்வோருக்கு இச்சட்டத்தின் கீழ் உரிமம் தேவைப்படுகிறது. குட்டி விற்போர் தமக்கு எது பொருந்தும் என்பதைக் கால்நடை சேவைத் துறையிடம் நேரில் கேட்டுத் தெளிவு பெறலாம்.

நாய்க்கான உரிமம் ஊராட்சி மன்றத்திடமிருந்து பெறப்பட வேண்டும். கோலாலம்பூரில் 1991-ஆம் ஆண்டின் துணைச் சட்டம் நாய்களை மட்டுமன்றி நாய் வளர்ப்பு இல்லங்களையும் உரிமத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் அரச மாநகராக உயர்ந்த கிள்ளானிலும் உரிமம் உண்டு. எந்த வகை வீட்டில் எத்தனை நாய் வைக்கலாம் என்பது மன்றத்துக்கு மன்றம் வேறுபடும்.

அடுக்குமாடியில் இருப்போருக்கு இன்னொரு படியும் உண்டு. 2015-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாக விதிகளின்படி, அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரும் பிராணியை அகற்றும்படி நிர்வாகம் எழுத்துமூலம் கேட்டால் மூன்று நாளில் அகற்ற வேண்டும். டெரியர் உருவத்தில்தான் சிறியது; குரல் சிறியதல்ல. பல இனத்தவர் ஒரே மின்தூக்கியைப் பயன்படுத்தும் கட்டடத்தில், நாயைத் தொடக்கூடாத முஸ்லிம் அண்டை வீட்டாரின் உணர்வையும் மதித்து நடக்க வேண்டும். வாங்கிய பின் மன்னிப்புக் கேட்பதைவிட வாங்கும் முன் நிர்வாகத்திடம் எழுத்துமூலம் அனுமதி பெறுவது நல்லது.

சான்றிதழும் ஏமாற்றும்

மலேசிய கென்னல் சங்கத்தின் வம்சாவளிச் சான்றிதழ் ஒரு குட்டியின் பெற்றோர் யார் என்பதைக் காட்டும். அது ஆரோக்கியச் சான்றிதழ் அல்ல. தடுப்பூசி அட்டையில் கிளினிக்கின் முத்திரை, ஊசி மருந்தின் ஒட்டுத்தாள், தேதி மூன்றும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வெறும் பேனாவால் எழுதிய அட்டைக்கு மதிப்பில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த குட்டி என்றால் இறக்குமதி அனுமதியும் கால்நடை மருத்துவச் சான்றும் இருக்க வேண்டும். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் மீண்டும் தலைகாட்டியதை நினைத்தால், எல்லை தாண்டிக் கடத்தி வரப்படும் மலிவுக் குட்டி எவ்வளவு ஆபத்து என்பது விளங்கும்.

பணம் கட்டியும் குட்டி வராவிட்டால் தாமதிக்காமல் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணை அழைக்க வேண்டும். காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணை முன்கூட்டியே சோதித்தும் பார்க்கலாம்.

நோயுற்ற குட்டியை விற்றவர் மீது பயனீட்டாளர் நடுவர் மன்றத்திலும் வழக்குப் பதியலாம். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் ‘பொருள்’ என்பதில் விலங்குகளையும் சேர்த்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைக்குப் பதிவுக் கட்டணம் ஐந்து ரிங்கிட் மட்டுமே. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். ஆனால் விற்றவர் வணிகமாகச் செய்பவராக இருக்க வேண்டும், அவருடைய பெயரும் முகவரியும் கையில் இருக்க வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் பெட்டியை வாங்கியவரிடம் பெரும்பாலும் இரண்டும் இருப்பதில்லை.

ஆகவே குட்டி பிறந்த வீட்டுக்கே நேரில் செல்லுங்கள். தாய் எங்கே என்று கேளுங்கள். அதன் வயது, இது எத்தனையாவது ஈற்று, எப்போது ஊசி போடப்பட்டது என்று விசாரியுங்கள். ‘தாய் ஊரில் இருக்கிறது’, ‘நண்பர் வீட்டில் இருக்கிறது’ என்று பதில் வந்தால் பணத்தை எடுக்காமல் திரும்பிவிடுங்கள். பெற்ற ரசீதில் விற்றவரின் பெயர், முகவரி, குட்டியின் பிறந்த தேதி ஆகியவை இருக்கட்டும். வாங்கிய இரண்டு நாளுக்குள் உங்கள் சொந்த மருத்துவரிடம் காட்டுங்கள். இனநாய்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்கள், 1958 முதல் இயங்கிவரும் அம்பாங் எஸ்பிசிஏ போன்ற காப்பகங்களுக்கும் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். வீடு தேடும் குட்டிகள் அங்கேயும் காத்திருக்கின்றன.